மேசையில் இல்லாதவளின் பெயர்

அன்புள்ள ஹோய்லாம்,

நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் வலி மட்டும் மழை ஆரம்பித்ததிலிருந்து விடவில்லை. டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சூடாகச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுது. உன் தம்பி சுன்கிட்டின் பெண்டாட்டி பிம்முக்கு நீ ரகசியமாக ஏதாவது சொல்லிக்கொடுத்தாயா?

தாய்லாந்துப் பெண்ணாயிற்றே, ஹாங்காங்குக்கு வாழ வந்தவளுக்கு நம் கான்டனீஸ் பேச வரட்டும் என்று சுன்கிட்தான் அவளைக் கவுலூன் சமூகக் கூடத்து வகுப்பில் சேர்த்தான். அன்றிலிருந்து கையில் ஒரு நோட்டு. நான் மீன்காரியிடம் பேரம் பேசினால்கூட எழுதிக்கொள்கிறாள். என்னைப் பற்றித்தான் எழுதுகிறாளோ என்று அவள் குளிக்கப் போன நேரம் புரட்டிப் பார்த்தேன், எல்லாம் அவள் ஊர் எழுத்து. போன திங்கட்கிழமை சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், சாப்பாட்டுக் குச்சியைத் தொடுமுன் பெரியவர்களைக் கூப்பிடும் நம் வழக்கப்படி, "மாமா, சாப்பிடுங்க. அத்தை, சாப்பிடுங்க" என்று கூப்பிட்டவள், நிறுத்தாமல், "ஹோய்லாம் அக்கா, நீங்களும் வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்" என்றாள். நம் கல்யாண முறைப்படி எங்களுக்கு மண்டியிட்டுத் தேநீர் கொடுக்காமல் நீ அங்கேயே கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்ட நாளிலிருந்து, மூன்று வருஷமாக அப்பாவுக்கு முன்னால் யாரும் உன் பெயரை எடுப்பதில்லை. அதை சுன்கிட் அவளிடம் சொல்லாமலா இருப்பான்? அப்பா தட்டிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுக்களையில் அவளைப் பிடித்து, யார் சொல்லி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "வகுப்புல சொன்னாங்க அத்தை, கூப்பிடும்போது யாரையும் விட்டுடக் கூடாதாம். வீட்டுல எத்தனை பேர்னு கேட்டாங்க, அஞ்சு பேர்னு சொன்னேன்" என்கிறாள். இவ்வளவு வெள்ளந்தியாக ஒருத்தி இருப்பாளா? எனக்கு நம்பிக்கை இல்லை.

அதற்குப் பிறகு தினமும் கூப்பிடுகிறாள். நேற்று அவளும் சுன்கிட்டும் வர நேரமாகும் என்றார்கள், நாங்கள் இரண்டு பேர்தான். சோறு போட்டு வைத்தும் அப்பா குச்சியைத் தொடவே இல்லை. வெளியே எங்கேயாவது தின்றுவிட்டு வந்து மறைக்கிறாரோ என்று துருவினேன். "இன்னும் எல்லாரையும் கூப்பிடலையே" என்றார். என்னை ஆழம் பார்க்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் கூப்பிட்டேன், "ஹோய்லாம், சாப்பிட வாம்மா" என்று. அதற்குப் பிறகுதான் அவர் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனம் கோணாமல் இருங்கள். பிம் விஷயத்தை எனக்கு மட்டும் எழுது, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். நீ சொல்லிக்கொடுத்திருந்தாலும் நான் கோபப்பட மாட்டேன்.

உன் அம்மா