ஐஸ் ஃபேக்டரியிலிருந்து இரண்டு தெரு மேலே

மார்ச் 3

பேசக்கூடாதாம். ஆறு வாரம். கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதலாம். குரல் நாணில் இரண்டு முடிச்சு இருக்கிறது என்று டாக்டர் படம் காட்டினார். "இருபத்திரண்டு வருஷமா மைக்ல கத்துனா வேற என்ன வரும்?" என்றார். நான் கத்தவில்லை, டாக்ஸி அனுப்புகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார், ஏதோ நர்சரிப் பிள்ளைக்குக் காட்டுவது போல.

அதனால்தான் இந்த நோட்டு. யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே.

எங்கள் டாக்ஸி சங்கத் தலைவர் தோன் எவெனோர் டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு என் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "ரேடியோ சும்மா கெடக்க முடியுமா டனேலியா? மே மாசம் பொதுக்குழு வரைக்கும் நானே உக்காந்து சமாளிக்கிறேன். அதுக்குள்ள உனக்குக் குரல் வரலேன்னா வேற ஆள் போட்டுக்கலாம். உன்னைய அப்புறம் பாக்கலாம்." அப்புறம் பார்க்கலாம் என்று தோன் எவெனோர் சொன்ன எதையும் யாரும் அப்புறம் பார்த்ததில்லை.

மார்ச் 5

வழி கிடைத்துவிட்டது. போனில் ஒரு வீடியோ: "பதினைந்தே நிமிடத்தில் உங்கள் சொந்தக் குரல் உதவியாளர். முன் அனுபவம் தேவையில்லை." அது போனை எடுக்கும், கேட்கும், பதில் சொல்லும். குரலை அதனிடம் விட்டுவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் போதும். நாற்காலி என்னுடையதாகவே இருக்கும்.

தோன் எவெனோருக்கு எழுதிக் காட்டினேன். சிரித்தார். "கொண்டா, பாக்கலாம்."

மார்ச் 8

மூன்று நாள் போயிற்று, அந்தப் பதினைந்து நிமிடம் இன்னும் முடியவில்லை.

வீடியோ பார்த்து மடிக்கணினியில் தட்டிய நிரலில் 37ஆம் வரி பிழை என்கிறது. அந்த வரியை நூறு தடவை பார்த்தேன். எழுத்து சரி, அடைப்புக்குறி சரி. கடைசியில் வரிக்கு முன்னால் ஒரு காலி இடம் கூடுதலாக இருந்ததாம். காலி இடம்! ஒன்றுமே இல்லாத ஓர் இடத்துக்காக ஒரு சனிக்கிழமையைத் தின்றுவிட்டது. வீடியோக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு "பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்" என்கிறான். அவன் மட்டும் என் கையில் கிடைத்தால்.

மார்ச் 11

நான் தட்டியதை அது வாய்விட்டுப் படித்தது! "வணக்கம் மனாகுவா." எங்கள் ஊர்க் குரல் இல்லை, மெக்ஸிகோக்காரி குரல், இருந்தாலும் குரல். லோரா என்று பெயர் வைத்தேன், எங்கள் பாஷையில் கிளி. சொன்னதைச் சொல்லும் கிளிக்கு வேறென்ன பெயர்?

மார்ச் 15

இது வெறும் வாசிப்பு, விளையாட்டுப் பிள்ளைகள் கூடச் செய்வது. இனி லோரா கேட்கவும் யோசிக்கவும் வேண்டும். ஆனால் பேசிப் பார்க்க நான் வாயைத் திறக்க முடியாதே. அக்கா சொகொர்ரோவை உட்கார வைத்தேன். அவளுக்கு முடி வெட்டும் தொழில். அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் தெருவுக்குப் பெயர் கிடையாது, அடையாளத்தை வைத்துத்தான் விலாசம், அந்த அடையாளம் இடிந்துபோயிருந்தாலும்.

"ஏய் லோரா, ஒரு டாக்ஸி அனுப்பு. அரோரா சினிமா இருந்த எடத்துலேருந்து ரெண்டு தெரு ஏரிப்பக்கம், ஒரு தெரு மேல, இருபது கெஜம்."

லோரா: "மன்னிக்கவும். அந்தத் திரையரங்கு தற்போது இயங்கவில்லை. வேறு திரையரங்குகளைப் பரிந்துரைக்கட்டுமா?"

"படம் பாக்கப் போறேன்னு யாருடீ சொன்னா? நிலநடுக்கத்துல சினிமா இடிஞ்சு அம்பது வருஷம் ஆச்சு, எனக்குத் தெரியாதா?"

"இடிபாடுகளில் யாரேனும் சிக்கியிருக்கிறார்களா? உடனே தீயணைப்பு நிலையத்தை அழைக்கவும்."

சொகொர்ரோ தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு வயிறு குலுங்கியது. சிரிக்கவும் கூடாது, சிரிப்பும் குரல்தானாம்.

மார்ச் 19

மேலே, கீழே. இரண்டே சொல். மூன்று நாளாக என் உயிரை வாங்குகின்றன.

"ஒரு தெரு மேலே" என்றால் லோரா தெற்கே மலைப்பக்கம் வண்டியை ஏற்றுகிறது. ஏனாம், மலை உயரமாம். இந்த ஊரில் பிறந்த நாய்க்குக்கூடத் தெரியும், மேலே என்றால் கிழக்கு, கீழே என்றால் மேற்கு. வடக்குக்கு வடக்கு என்று யார் சொல்கிறார்கள்? ஏரிப்பக்கம். அவ்வளவுதான்.

"சூரியன் மேலே ஏறும் பக்கம் மேலே" என்று அதற்கு எழுதி வைத்தேன். சொகொர்ரோ கேட்டுப் பார்த்தாள். லோரா சொல்கிறது: "இப்போது பிற்பகல் மூன்று மணி. சூரியன் ஏறவில்லை."

மடிக்கணினியை மூடிவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். கத்த வேண்டும் போலிருந்தது. கத்த முடியாது.

மார்ச் 28

இல்லாத இடங்களின் பட்டியல் எழுதுகிறேன். விழுந்த சினிமா, எரிந்த மளிகைக்கடை, வெட்டப்பட்ட மரம், இடம் மாறிய பெட்ரோல் பங்க். லோராவுக்கு விதி: யாராவது "இருந்த இடம்" என்றால் என் பட்டியலைப் பார். இல்லையென்றால் வரைபடத்தைப் பார்.

312 ஆயிற்று. எல்லாம் என் தலையில்தான் இருந்தன. தோன் எவெனோர் ரேடியோவில் "அது எங்கப்பா இருக்கு?" என்று டிரைவர்களையே கேட்கிறாராம். கேட்கக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே.

ஏப்ரல் 11

டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார். முடிச்சு கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. இன்னும் ஆறு வாரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொதுக்குழு மே 17. அதற்குள் குரல் வராது.

இனி லோராதான்.

ஏப்ரல் 17

புனித வாரம். ஊரே கடற்கரைக்குப் போய்விட்டது. சொகொர்ரோ மாம்பழ ஜீராவை ஒரு டப்பாவில் வைத்துவிட்டுப் போனாள். "கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, பைத்தியம் புடிச்ச மாதிரி இருக்க. கடல் தண்ணில கால நனைச்சுட்டு வா, மெஷின் எங்கயும் ஓடிடாது."

ஓடவில்லைதான். நேற்று சரியாகச் சொன்னதை இன்று தப்பாகச் சொல்கிறது. அதே கேள்வி, அதே விதி. ஏன்? நான் எதையும் தொடவில்லையே! தெரியாது என்று சொல்லத் தெரியாத ஜென்மம். தெரியாவிட்டாலும் "நிச்சயமாக!" என்று ஆரம்பிக்கிறது. சங்கத்தில் அப்படி ஒருவர் போதாதா?

ஏப்ரல் 25

சேவல் கூவினால் "புரியவில்லை" என்கிறது. பஸ் போனால் "புரியவில்லை" என்கிறது. இந்த ஊரில் இந்த இரண்டும் இல்லாமல் யார் போன் பேசுகிறார்கள்?

மே 2

நாற்பது தடவை சோதித்தோம், முப்பத்தெட்டு சரி. தோன் எவெனோர் ஒத்துக்கொண்டார். திங்கள் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை லோரா போன் எடுக்கும், நான் பக்கத்தில் இருப்பேன். நன்றாகப் போனால் பொதுக்குழுவில் அவரே பேசுவாராம்.

மே 5

எப்படி எழுதுவது.

ஐந்தரைக்கு வயதான தோன்யா மெலானியா போனில் கூப்பிட்டார். திங்கள், புதன், வெள்ளி ஆறு மணிக்கு அவருக்கு டயாலிசிஸ். ஆறு வருடமாக நான்தான் வண்டி அனுப்புகிறேன். எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார்: "ஐஸ் ஃபேக்டரியிலேருந்து ரெண்டு தெரு மேல, கண்ணு." லோரா "நிச்சயமாக! வண்டி வந்துகொண்டிருக்கிறது" என்றது. ரெய்னேரியோவுக்குத் தகவல் போயிற்று. அவன் சங்கத்தில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது, திரையில் வந்த அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போனான். நான் காபி குடித்தேன்.

ஆறு பத்துக்கு ரெய்னேரியோ ரேடியோவில்: "இங்க பாட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஐஸ் லாரிதான் வரிசையா நிக்குது. நான் ஏர்போர்ட்டத் தாண்டி வந்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஐஸ் ஃபேக்டரி இப்போது இல்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே இடித்துவிட்டார்கள். அந்தப் பேட்டையில் யாரும் "இருந்த இடம்" என்று சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. அது போய்விட்டது என்பதே எனக்கு நினைவில் இல்லை. 312 இடம் எழுதினேன், அதை எழுதவில்லை! லோரா விதிப்படி வரைபடத்தைப் பார்த்து, நிஜமாக இருக்கிற ஃபேக்டரிக்கு அனுப்பிவிட்டது.

தோன்யா மெலானியா விடியும் முன்பிருந்தே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், பையை மடியில் வைத்துக்கொண்டு. வண்டி வருகிறது என்று நம்பி.

தட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. மைக்கைப் பிடுங்கினேன். "பக்கத்துல யாரு இருக்கா! பழைய ஐஸ் ஃபேக்டரி, ரெண்டு தெரு மேல, தோன்யா மெலானியா! ஓடுங்கடா!" பாதியில் ஏதோ கிழிந்தது. கடைசிச் சொல் காற்றாகத்தான் வந்தது. மூன்று வண்டியிலிருந்து பதில் வந்தது.

வண்டி கொண்டு சேர்த்தபோது அவர் முறை தாண்டியிருந்தது; நாலு மணி நேரம் ஓட வேண்டிய மெஷினில் அவருக்கு இரண்டரை மணி நேரம்தான் கிடைத்தது.

மே 6

உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. ஆபரேஷன். அதன் பிறகும் பழைய குரல் வராது, மெல்லிய குரல்தான், மைக் வேண்டவே வேண்டாம் என்கிறார் டாக்டர். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மே 8

தோன்யா மெலானியா சொகொர்ரோவிடம் முடி வெட்டிக்கொள்ள வந்தாராம். கால் வீங்கியிருந்ததாம். "தங்கச்சிகிட்ட சொல்லு, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்தக் கிளியோட இனி நான் பேச மாட்டேன்."

நானும் பேச மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மடிக்கணினியைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே போட்டேன். இரண்டு மாதம், எதற்கு? என் தலையில் இருப்பதை ஒரு பெட்டிக்குள் கொட்டிவிடலாம் என்று நினைத்த மடச்சி. கொட்டக் கொட்டத் தெரிகிறது, என்னிடம் என்ன இருக்கிறது என்று எனக்கே முழுசாகத் தெரியாது.

மே 17

பொதுக்குழு. போகவே மனமில்லை. சொகொர்ரோதான் இழுத்துக்கொண்டு போனாள், மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு. "எழுதிக் காமிச்சா யாரு படிப்பா? அது படிக்கட்டும்."

தோன் எவெனோர் எழுந்து, டனேலியாவின் சேவைக்கு நன்றி, ஆனால் குரல் இல்லாமல் ரேடியோவில் என்ன வேலை என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தட்டினேன். லோரா அந்த மெக்ஸிகோக் குரலில், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது: "தோன் எவெனோர், மார்ச் மாதத்திலிருந்து எத்தனை வண்டியைத் தப்பான இடத்துக்கு அனுப்பினீர்கள்? நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?"

டிரைவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ரெய்னேரியோ கத்தினான்: "இப்படியே ரேடியோலயும் பேச வேண்டியதுதான!"

நான் விரலைத் தூக்கியபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். இப்படியே. நான் கேட்பேன், நான் யோசிப்பேன், தட்டுவேன். அது வாயை மட்டும் திறந்தால் போதும். மார்ச் 11 அன்றே இது என்னிடம் இருந்தது. அதை விளையாட்டு என்று தாண்டிப் போய், வேண்டாததை எல்லாம் இரண்டு மாதம் கட்டிக்கொண்டிருந்தேன். என்னை என்ன சொல்வது? செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

கை தூக்கச் சொன்னார்கள். இருபத்தாறு பேர் எனக்கு, ஒன்பது பேர் எதிர்.

மே 26

அடிக்கடி சொல்கிற வார்த்தைகளுக்கு ஒவ்வொரு பொத்தான் வைத்தேன். "மே" தட்டினால் மேலே. "ஏ" தட்டினால் ஏரிப்பக்கம். "நிச்சயமாக" என்ற சொல்லை எடுத்தே விட்டேன்.

ஜூன் 23

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் வாரம். வீட்டில் கொஞ்சம் பேசலாம். என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை, பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது போலிருக்கிறது. குளியலறையில் சிறிது நேரம் அழுதேன். பிறகு வேலைக்குப் போனேன்.

நல்ல மழை. ஏழு மணிக்கு ஒரு கிழவர் கூப்பிட்டார். லோராவின் குரலைக் கேட்டதுமே எரிந்து விழுந்தார். "மெஷினோட எல்லாம் பேச மாட்டேன். மனுஷங்க யாராச்சும் இருந்தாக் குடு."

தட்டினேன்: "நான் மனுஷிதான். வண்டி எங்க வேணும்?"

"மனுஷியா? மெக்ஸிகோவுலேருந்து பேசுற மாதிரி இருக்கு. இந்த ஊரு உனக்கு என்ன தெரியும்? மாதா கோயில்லேருந்து மூணு தெரு கீழ, அரைத் தெரு ஏரிப்பக்கம். எங்க, கண்டுபிடி பாப்போம்."

மாதா கோயில் இந்த ஊரில் எத்தனையோ. ஆனால் அந்த இருமலும் பின்னால் குரைக்கும் நாயும் எனக்குத் தெரியும். தட்டினேன்: "உங்க தெருவுல மழைத் தண்ணி நிக்குமே தோன் ஃபாபியோ. வண்டி வாசலுக்கு வரட்டுமா, இல்ல போன வருஷம் மாதிரி தையல்காரி வீட்டு மேட்டுல நிக்கட்டுமா?"

அவர் நாயை அதட்டி அடக்கினார்.

"டனேலியா?"

"ஆமாம்" என்று தட்டினேன்.

"ஏம்மா, உன் குரல் எங்க?"

"போயிடுச்சு. வண்டி ஏழு நிமிஷத்துல மேட்டுக்கு வரும்" என்று தட்டினேன்.

அவர் உடனே வைக்கவில்லை. "சரி," என்றார், "நீ சொன்னா வந்துடும்."