மாமா பட்டறைக்குப் போய்வந்த கதை

அன்புக் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம், உன் மாமாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் நீ அழுகிறாய், நீ அழுதால் நானும் அழுகிறேன், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடுகிறது. அதனால்தான் தையல் மெஷினை மூடி அதன் மேலேயே காகிதத்தை வைத்து எழுத உட்கார்ந்துவிட்டேன். போன தடவை நீ, "மாமாவைக் கைவிட்டுட்டீங்களாம்மா?" என்று கேட்டாயே, அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. கோபமில்லை, தூரத்தில் இருப்பவளுக்கு அப்படித்தான் தோன்றும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே சொல்.

சின்ன வயதில் நீங்களெல்லாம் அவனைப் பவுடர் மாமா என்று கூப்பிடுவீர்கள். சமையல் மேடைக்குக் கல் அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறையிலிருந்து தலைமுதல் கால்வரை வெள்ளையாக வந்து நிற்பான், நாங்களும் சேர்ந்து சிரிப்போம். அந்தத் தூசிதான் நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார், கெட்டுப்போன நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்தில்லை, ஆனால் அவர் படும் பாட்டைக் குறைக்க நிறையச் செய்யலாம், வலியையும் திணறலையும் தணிக்கிற பாலியேட்டிவ் பிரிவு நர்ஸை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று. அப்படியானால் கடைசிக் கட்டமா என்று கேட்டேன். "இல்லம்மா, வைத்தியம் ஒரு பக்கம் நடக்கட்டும், இது இன்னொரு பக்கம் நடக்கட்டும். கஷ்டத்தைக் குறைக்கறதுக்குக் கடைசி நாள் வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?" என்றார்.

நர்ஸ் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை, நேராக அவன் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று அவனையே கேட்டாள். மூச்சு என்பான் என்று நாங்கள் நினைத்தோம். அவனோ, "அக்கா என்னைக் குளிப்பாட்டறது வெக்கமா இருக்கு. அப்புறம், பட்டறையில பசங்க இன்னும் தண்ணி விடாம, தூசி பறக்கத்தான் கல் அறுக்கிறாங்க, அதை நெனச்சா தூக்கம் வரலை" என்றான். இத்தனை மாதமாகப் பக்கத்திலேயே இருக்கிறேன், எனக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை பார். குளியலறையில் ஒரு உயரமான ஸ்டூல், சுவரில் ஒரு பிடி, இப்போது தானே குளிக்கிறான், உள்ளே பாட்டு வேறு. முகத்துக்கு நேராகச் சின்ன மின்விசிறி வைக்கச் சொன்னாள், காற்று முகத்தில் பட்டாலே திணறல் தணிகிறது. டாக்டர் ரொம்பச் சின்ன அளவில் மார்ஃபின் கொடுத்தார். போதை மருந்தாயிற்றே என்று அப்பா குதித்தார், அளவோடு டாக்டர் பார்வையில் கொடுத்தால் அது மூச்சுக்கு ஆறுதல், மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து உண்டு என்று நர்ஸ் பொறுமையாக விளக்கினாள். கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, "நீங்க நல்லாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு?" என்றாள். அவ்வளவுதான், உடைந்துபோய்விட்டேன். அதற்கப்புறம் அப்பாவும் நானும் முறை வைத்துக்கொண்டு பார்க்கிறோம். உன் அப்பா கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார், குடிப்பவன் பாடு தனி.

அவன் சொன்ன இரண்டாவது கவலையையும் நர்ஸ் காற்றில் பறக்கவிடவில்லை. அவள் சொல்லி, தொழிலாளர்களின் உடல்நலத்தைப் பார்க்கும் அரசு டாக்டரம்மா பட்டறைக்குப் போனார். எங்கள் ஆட்களெல்லாம் கல்லுமாதிரி இருக்கிறார்கள் என்று முதலாளி வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாராம். அது காதில் விழுந்ததும் மாமா, என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று ஒரே பிடிவாதம். வேண்டாம் என்று நான் கத்தினேன். நர்ஸோ, மெஷினை நிறுத்திவிட்டு, தூசியில்லாத முன்னறையில் உட்கார வைப்பதென்றால் போய் வரட்டும், அவருக்கு வேண்டியது அதுதான் என்றாள். ஆக்சிஜன் சிலிண்டரோடு நாங்கள் போய் இறங்கியதும் வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் வந்து சுற்றி நின்றார்கள். நஷ்டஈடு கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்தோ என்னவோ, முதலாளி முகம் கடுகடுவென்றிருந்தது. மாமா மூச்சு வாங்க வாங்கச் சொன்னான், "எனக்காக வரலைங்க. இந்தத் தூசிக்கு முதலாளி, தொழிலாளின்னெல்லாம் தெரியாது. இத்தனை வருஷமா நீங்களும் இதே காத்தைத்தானே இழுக்கறீங்க? உங்களுக்கும் படியேறினா இரைக்குது, நான் பார்த்திருக்கேன்." நாங்கள் கிளம்புவதற்குள் முதலாளியே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, வந்து பார்க்கச் சொன்னார்.

எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், இந்தத் தூசி படிந்த நெஞ்சில் காசநோய் சுலபமாக வருமாம், அதற்கும் சேர்த்துச் சோதித்தார்கள். பாலிஷ் போடுபவன் ஒருவனுக்கு மாமாவுக்கு வந்த அதே தூசி நோய் ஆரம்ப நிலையில் பிடிபட்டது, அவனைத் தூசிப் பக்கமே போகாதபடி அளவெடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். முதலாளிக்கும் இருக்கிறது, அவரும் இப்போது வைத்தியத்தில்தான். நான் பெருமையாக ஒரு மூட்டை துணி முகமூடி தைத்துக் கொண்டுபோனேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "தூசி கிளம்பற இடத்திலேயே அடக்கணும்மா. முதல்ல தண்ணி, அப்புறம் உறிஞ்சற குழாய், அதுக்கும் அப்புறம்தான் முகமூடி, அதுவும் துணி ஆகாது" என்றார். என் முகமூடியெல்லாம் அங்கே மெஷின் துடைத்துக்கொண்டிருக்கிறது. இப்போது கல் அறுக்கும் கத்தி மேலேயே தண்ணீர் விழுகிறது, வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள், தூசி வீடுகளுக்கு வருவதில்லை.

இனி நீ கேட்ட விஷயம். தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டாம், செயற்கை மூச்சுக்குக் குழாய் வேண்டாம் என்று டாக்டர் முன்னால், தெளிவாக இருக்கும்போதே, அவனேதான் சொன்னான். "இருக்கற மூச்சுல நான் பேசிக்கிட்டே இருக்கணும், வாயில குழாயைச் சொருகினா யாரு பேசறது?" என்றான். அவன் வாய் உனக்குத் தெரியாததா. நாங்கள் அவனைக் கைவிடவில்லை கண்ணு, அவன் பேச்சைக் கேட்கிறோம், அவ்வளவுதான். எத்தனை நாள் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. இன்றைக்குச் சீட்டாட்டத்தில் அப்பாவை ஏமாற்றி ஜெயித்தான், அது நிச்சயம்.

நீயும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் கழுத்தை நீட்டி உட்காராதே, நடுநடுவே எழுந்து நட. தீர்க்காயுசாக, மனநிறைவோடு இருக்க அம்மா அப்பாவின் ஆசீர்வாதம். லீவைக் கடைசிக் காரியத்துக்கென்று பத்திரப்படுத்தி வைக்காதே, இப்போதே கிளம்பி வா. உனக்கு எழுதுகிறேன், என்ன சொல்லட்டும் என்று மாமாவைக் கேட்டேன். "அழறதுக்கு வர வேண்டாம், என்கூடச் சண்டை போட வரச் சொல்லு" என்கிறான்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா