நீங்கள் காய்ச்சியெடுத்த சோடியம்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையைத் திறந்தேன். கதவைத் தள்ளியதுமே மண்ணெண்ணெய் வாடை வந்து முகத்தில் இடித்தது. ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றுவது நின்று எத்தனையோ காலமாகிறது. நம் தெருவில் இப்போது எந்த வீட்டிலும் அந்த வாடை கிடையாது. நம் கொட்டகையில் மட்டும் அது போகாமல் உட்கார்ந்திருக்கிறது.

தையல் மெஷின் போட இடம் வேண்டும் என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். ஒதுக்கிக் கொடுக்கலாம் என்றுதான் திறந்தேன். மேல் பலகையில், மோட்டார் காயில் கம்பிச் சுருள்களுக்குப் பின்னால், அந்தப் பெரிய ஊறுகாய் பாட்டில் இருந்தது. உள்ளே உங்கள் சோடியத் துண்டுகள். மூடி சரியாக இறுகாமல் எண்ணெய் பாதிக்கு வற்றிப்போயிருந்தது. மேலே கிடந்த துண்டு எண்ணெய்க்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் வெள்ளைப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. காற்றில் இருக்கிற ஈரமே அதற்கு ஆகாது, தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் என்று நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பயத்தினால் இல்லை, அலுப்பினால். நீங்கள் போய் ஒன்றரை வருஷமாகிறது. உங்கள் மோட்டார் கடையைக் காலி செய்தது நான். உங்கள் சட்டைகளை மடித்துக் கொடுத்தனுப்பியது நான். பாதி காயில் கட்டின மோட்டார்களைத் தேடிவந்த விவசாயிகளுக்குப் பதில் சொன்னது நான். இதையும் நானேதான் பார்க்க வேண்டுமா என்று இருந்தது.

சோடியம் செய்து பார்க்கிற இந்த ஆசை உங்களுக்கு எப்படி வந்தது என்பதை, கல்யாணமாகி வெகு காலம் கழித்துத்தான் எனக்குச் சொன்னீர்கள். பிளஸ் டூ படிக்கும்போது வேதியியல் சார் ஒரு சின்னத் துண்டு சோடியத்தை எடுத்துக் கத்தியால் வெட்டிக் காட்டியிருக்கிறார். பிறகு அதைத் தண்ணீரில் போட்டிருக்கிறார். நீங்கள் கடைசி வரிசை. முன்னால் இருந்த தலைகளுக்குப் பின்னாலிருந்து 'டப்'பென்ற சத்தத்தை மட்டும் கேட்டீர்கள். இன்னொரு தடவை காட்டச் சொல்லிக் கேட்டதற்கு, இருந்தது அந்த ஒரு துண்டுதான் என்று சொல்லிவிட்டாராம். அந்த வருஷமே உங்கள் அப்பாவுக்கு முடியாமல் போக, பள்ளிக்கூடம் முடிந்த கையோடு மோட்டார் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்துவிட்டீர்கள். கரிசல் காட்டுக் கிணறுகளில் எரிந்துபோன மோட்டார்களெல்லாம் உங்கள் மடிக்கு வந்தன. முப்பது வருஷம் அதையே பார்த்தீர்கள்.

"கடையில கெடைக்காதா அது?" என்று கேட்டேன்.

"கெடைக்கும். காலேஜ் லெட்டர் கேப்பான். அப்படியே வாங்குனாலும் அது எவனோ செஞ்சதுல்லா."

"செஞ்சு என்ன செய்யப்போறீங்க?"

"பாக்கணும்."

அவ்வளவுதான் உங்கள் பதில். பார்க்க வேண்டும். அதற்காக நாலு வருஷம் போயிற்று.

சோப்புக் காய்ச்சுகிற காஸ்டிக் சோடாவை உருக்கி, அதில் மின்சாரம் பாய்ச்சினால் சோடியம் பிரிந்து வரும் என்று எங்கோ படித்திருந்தீர்கள். மின்சாரம் உங்களுக்குப் பழகின பிள்ளை. உருக்கிய காஸ்டிக் அப்படி இல்லை. முதல் வருஷம் முழுக்க உங்கள் சட்டைகளில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்தது. மணிக்கட்டில் புண்கள். இரும்புச் சட்டியில் படபடவென்று பொறி வெடிக்கும். கடைசியில் கிடைத்ததைச் சாம்பல் என்பதா, களிம்பு என்பதா, எனக்குத் தெரியவில்லை. அதைக் கரண்டியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஆரம்பிப்பீர்கள்.

நான் அப்போது விளாத்திகுளம் ரோட்டில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவேன். தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு வேலையிலும் கை வெந்து வருகிற பெண்களுக்குக் கட்டுப் போடுவது என் வேலையில் பாதி. கட்டைப் பிரிக்கும்போது அவர்கள் கத்த மாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம் ஆறிருமாக்கா? வேலைக்குப் போணும்" என்பார்கள். அந்த வாடையோடு வீட்டுக்கு வந்தால், பின்கட்டில் என் புருஷன் ஆசைப்பட்டு நெருப்பைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். உங்களிடம் அதைச் சொல்லி எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

அந்த ஐப்பசி மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு வருஷமாக ஏமாற்றின மழை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, மிளகாய்க்கும் பருத்திக்கும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், தெருவில் நனைந்துகொண்டே நின்றார். நானும் வாசலுக்கு ஓடினேன். மண் வாடையை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு நின்ற அதே நிமிஷத்தில் கொட்டகையில் 'டப்'பென்று அந்தச் சத்தம் கேட்டது.

தகரம் இரண்டும் சேருகிற இடத்தில் ஒழுகி, சூடாக இருந்த சட்டிக்குள் தண்ணீர் விழுந்திருக்கிறது. நான் போனபோது புகைக்கு நடுவில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொட்டி ஓரமாகப் படுக்க வைத்து, இடது கண்ணில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன்.

"கண்ணைத் தெறங்க."

"முடியல."

"முடியாட்டாலும் தெறங்க. தெறந்தாத்தான் கண்ணு இருக்கும்."

என் இரண்டு விரலால் இமையைப் பிரித்து வைத்துக்கொண்டு, கை மரத்துப்போகும்வரை ஊற்றினேன். மேலே மழை. அண்ணாச்சி ஆட்டோவுக்கு ஓடினார். அது வந்து சேரும்வரை நான் நிறுத்தவில்லை. கண் தப்பியது. ஆனால் கருவிழியில் ஒரு வெள்ளை மங்கல் விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் எல்லாம் பனி மூடின மாதிரித் தெரிவதாகச் சொல்வீர்கள்.

கட்டைப் பிரித்த அன்றைக்குத்தான் சொன்னேன். "இனிமே அந்தக் கதவு தெறந்துச்சுன்னா, நான் ஓட்டப்பிடாரத்துக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். சும்மா மெரட்டலுக்குச் சொல்லல."

நீங்கள் பூட்டைப் போட்டு, சாவியை என் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

சண்டை போட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீங்கள் கடைக்குப் போனீர்கள், வந்தீர்கள், சாப்பிட்டீர்கள். டிவி ஓடும்; நீங்கள் அதற்கு மேலே இருக்கிற சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நமக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் என்னோடு பேசுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான், நீங்களும் நிறுத்திவிட்டால் வீடு எப்படி இருக்கும்! ஆறேழு மாதம் அப்படிப் போனது. ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், சாவியை எடுத்து உங்கள் முன்னால் வைத்தேன்.

"முடிச்சிருங்க. அரைகுறையாக் கெடக்குறத என்னால பாக்க முடியல."

நீங்கள் அதை என் அன்பு என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அலுப்புத்தான். கட்டுப் போட்டுப் போட்டு ஆறாத புண்ணைப் பார்த்தால் எனக்கு வரும் அலுப்பு. இதை இப்போதாவது உண்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் போட்ட நிபந்தனை எல்லாவற்றுக்கும் சம்மதித்தீர்கள். வெயில் காலத்தில் மட்டும்தான். கூரையைப் புதிதாகப் போட வேண்டும். முகத்துக்கு முழு மறைப்பு. நான் வீட்டில் இருக்கும்போதுதான்; நான் காய்ந்த மணல் வாளியோடு கதவோரம் நிற்பேன். அதற்கு ஒத்துக்கொண்டு நீங்கள் சிரித்தது, அந்த விபத்துக்கு அப்புறம் நான் பார்த்த முதல் சிரிப்பு.

சித்திரை மாதம். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தகரத்துக்குக் கீழே, முழுக்கைச் சட்டையும் கையுறையுமாக நாம் இரண்டு பேரும் நின்ற நிலையை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள். என் ஜாக்கெட்டைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். நாலு ஞாயிறு. நாலாவது ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய்க்கு அடியில் உளுந்தளவும் பட்டாணியளவுமாகச் சாம்பல் நிற உருண்டைகள் சேர்ந்தன. பல்லிடுக்கில் சிக்கினதுபோல ஒவ்வொன்றிலும் காஸ்டிக் அழுக்கு.

"இது இன்னும் சுத்தமாகல," என்றீர்கள்.

சுத்தம் செய்ததுதான் நான் நெருக்கமாக நின்று பார்த்தது. அந்த உருண்டைகளை எண்ணெய்க்குள்ளேயே மிதமான சூட்டில் உருக வைத்தீர்கள். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றும் தன் தோலுக்குள்ளேயே தளர்ந்து குழைந்தது. கண்ணாடிக் குச்சியால் பூப்போல ஒன்றை இன்னொன்றின் மேல் சாய்த்தீர்கள். தோல் கிழிந்தது. உள்ளேயிருந்து பளீரென்று ஒரு துளி வெளியே வழிந்து, பக்கத்துத் துளியோடு ஒட்டியது. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, அழுக்கு எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, கடைசியில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரே உருண்டை. கொஞ்சத்தைக் கண்ணாடிக் குழாயில் இழுத்து, முனையை நெருப்பில் காட்டி மூடினீர்கள்.

"ஊசி மருந்து ஆம்பூல் மாதிரில்லா இருக்கு," என்றேன்.

"நீ நாள் பூரா ஒடைக்குத. நான் ஒண்ணே ஒண்ணு செஞ்சிருக்கேன்," என்றீர்கள்.

மிச்சம் ஆறி இறுகினதும், ஒரு துண்டை எடுத்துக் கத்தியை வைத்தீர்கள். வெண்ணெய் மாதிரி இறங்கியது. வெட்டின முகம் ஒரு நொடி அப்படியே திறந்து நின்றது. வெள்ளி என்று சொன்னால் போதாது. வெள்ளியில் லேசாக ஓர் உயிர்ச் சிவப்பு கலந்த மாதிரி. நீங்கள் மூச்சு விடவில்லை. நல்ல கண்ணை அதற்கு நேராகக் கொண்டுபோய்க் குனிந்து நின்றீர்கள். கொஞ்ச நேரத்தில் ஓரத்திலிருந்து மங்கல் ஏறி, அந்த முகம் மூடிப்போயிற்று.

"எப்படி இருக்குட்டி?"

"தகரம் மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு அரிசி ஊறப்போடப் போய்விட்டேன்.

முதுகுக்குப் பின்னால் நீங்கள் சிரித்தது கேட்டது. அப்புறம் நீங்கள் அதைப்பற்றி யாரிடமும் பெருமை பேசவில்லை. மறுபடி சட்டியை அடுப்பில் ஏற்றவும் இல்லை. மிச்சத்தை ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினீர்கள். பார்த்தாயிற்று, அவ்வளவுதான்.

நேற்று அந்தப் பாட்டிலை நானே ஒழித்தேன். நீங்கள் ஒரு தடவை விளக்கியது மனதில் இருந்தது. தண்ணீரில் சீறுவது ஸ்பிரிட்டில் சீறாது, மெதுவாகக் கரையும் என்று. ஸ்பிரிட் எனக்குப் புதிதா என்ன? அடுப்பு, விளக்கு எதுவும் இல்லாத திறந்த முற்றத்தில், மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். குமிழி விட்டுக்கொண்டே இளைத்துப் போயிற்று ஒவ்வொன்றும். ஒரு துண்டு முடியாமல் அடுத்ததைத் தொடவில்லை. மத்தியானம் முழுக்க ஆனது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணாச்சி வீட்டு மதினி எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, இந்த வெயில்ல வத்தலா போடுதீய?"

"ஆமா மதினி," என்றேன். வேறு என்ன சொல்வது!

வேலை முடிந்து, கை கால் கழுவி, சுவரில் சாய்ந்தபோதுதான் உங்களுக்கு இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கு நான் சொன்னது பொய். அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பின்னே ஏன் அப்படிச் சொன்னேன்? பொறாமை. ஒரு முகத்தைப் பார்ப்பதற்காக நாலு வருஷம் காத்திருந்து, ஒரு கண்ணையும் பாதி கொடுத்துவிட்டு, மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றீர்களே, என் முகத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றிவிட்டது. உலோகத்தின் மேல் பொறாமைப்பட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உங்கள் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தீர்கள். ஒரு நாள் காலை, நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உங்கள் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, தலைகூட வாரவில்லை. நிமிர்ந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முகத்தைத் திருப்பி, நல்ல கண் என் பக்கம் வரும்படி தலையணையில் சாய்ந்துகொண்டு.

"என்ன பாக்குதீங்க? தண்ணி வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மா பாக்கேன். நீ வேலையப் பாரு."

துண்டை மடியில் வைத்துவிட்டேன். டாக்டர் வருகிற நேரம், மாத்திரை வாங்கி வர வேண்டும், டிபன் பாத்திரம் கழுவாமல் கிடந்தது. ஒன்றுக்கும் எழுந்திருக்கவில்லை. நீங்கள் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போதும் டியூட்டி முடிந்து பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வருகிற நாட்களில், புழுதியும் வியர்வையுமாக வீட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்க்கும்போது ஒரு கணம் நிற்கிறேன். ஒருவர் அவசரமில்லாமல், ஆசைதீரப் பார்த்த முகம் இது. அந்த நினைப்போடுதான் அதைக் கழுவுகிறேன்.