அப்பீலில் என் சாட்சி

பௌர்ணமிக்கு மறுநாள், இரவு

உலகத்தாருக்கு அறிவிப்பது: என் மேலுதட்டில் மூன்றாவது மீசை முடி முளைத்துவிட்டது.

இன்று வக்கீல் வந்தார். பம்புசெட் தகராறில் பக்கத்து நிலத்துக்காரரைக் கொன்றதாகச் சித்தப்பாவுக்கு ஆயுள் தண்டனை. சித்தப்பா தற்காப்புக்காகத்தான் அடித்தார் என்று வக்கீல் அப்பீலில் வாதாடப் போகிறார்.

"செத்தவருதான் மொதல்ல கடப்பாரய ஓங்கினாருனு கோர்ட்ல சொன்னது நீ ஒருத்தன்தான் தம்பி. அத நம்பித்தான் நிக்கிறோம்" என்றார்.

சித்தி எனக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்தாள். "எங்க சிங்கம்டா நீ."

சிங்கத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அசதியாக இருக்கிறது. பஸ்ஸில் பையன்களிடம் பெருமைக்கு விட்ட கதை, கோர்ட்டில் சத்தியம் செய்து சொல்லும் வரை போய்விட்டது.

அன்று முதல் கூச்சலிலேயே கடலைக்காட்டைத் தாண்டி ஓடிவிட்டேன். யார் முதலில் ஓங்கியது என்று எனக்குத் தெரியாது.