நந்திதாவுக்குக் கிடைத்த கிழக்கு வாசல் வீடு

திருப்பதி,
ஞாயிற்றுக்கிழமை.

பாப்பாவின் நைனாவுக்கு, காஞ்சனா வணக்கத்துடன் எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருக்கும், இதோடு ஒரு புட்டி வைத்திருக்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வீட்டுப் பேச்சை எடுத்தாலே "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்று போனை வைத்துவிடுகிறீர்களே, வேறென்ன செய்வேன்? ரங்கையா அண்ணன் லீவு முடிந்து குவைத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படியுங்கள்.

ஓனர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆடி பிறப்பதற்குள் நாம் காலி செய்ய வேண்டும். ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள் என்பதால் இந்த ஆனியில் ஊரே வீடு தேடுகிறது. டூ-லெட் போர்டைப் பார்த்துவிட்டு நான் வண்டியை நிறுத்துவதற்குள் உள்ளேயிருந்து ஒருவர் வந்து போர்டைக் கழற்றுகிறார். வீடு கிடைக்காவிட்டால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு சத்தியவேட்டுக்கு உங்கள் அம்மாவிடம்தான் போக வேண்டும். அங்கிருந்து ஆஸ்பத்திரி லேபுக்கு நைட் டியூட்டி வர முடியுமா? வேலையை விட வேண்டியதுதான்.

ரேணிகுண்டா ரோட்டில் புது அப்பார்ட்மெண்ட் பார்த்தேன் என்று சொன்னேனே, மூன்றாவது மாடி, கிழக்கு வாசல், பால்கனியில் நின்றால் மலை முழுக்கத் தெரியும் என்று? அதன் ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் ஹேமநாத் தண்ணீர் கொடுத்து மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். முதல் கேள்வியே, தரிசனத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்பது. இந்த ஊரில் எல்லா ஓனருக்கும் அந்தப் பயம்தான். மொட்டை போட்டுக்கொண்டு பத்துப் பேர் இறங்கிக் குளித்தால் டேங்க் காலி. நான் ஒரு கூறுகெட்டவள், பெருமாளைப் பார்க்க வந்தவர்களை எங்கள் வீட்டில் என்றைக்கும் வெளியே நிறுத்தியதில்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அடுத்தது, "மீ ஆயன எக்கட?" நீங்கள் எங்கே என்றுதான் கேட்டார். குவைத் என்றேன். ஆம்பிளை யாராவது பேசினால் பார்க்கலாம், செப்தாம் அம்மா, அப்புறம் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே உங்களிடம், அவருக்கு ஒரு போன் போடுங்கள் என்று கேட்டேன். "எனக்கு ஷிப்ட்டு, நீயே பேசு, உனக்குத்தான் தெலுகு நல்லா வருதே" என்றீர்கள்.

அந்த வீட்டைப் பற்றி நந்திதாவிடம் உளறியதும் நான்தான். உங்கள் தம்பி வேணுவுக்கு இங்கே வேலை கிடைத்ததிலிருந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நம் வீட்டில்தானே இருந்தார்கள்? அந்த ஹாலில் படுத்து, என் கையால் தின்னுகினு இருந்தவள், நான் சொன்ன மறுநாளே வேணுவோடு போய் ஹேமநாத் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் யார் வருவார்கள் என்று கேட்டதற்கு, "எங்களுக்கு யாருமே இல்லீங்க" என்றாளாம். யாருமே இல்லையாம்! அப்போ நான் யார்? சாவி அவள் கைக்குப் போய்விட்டது.

போன வாரம் பால் காய்ச்சினாள். அதற்கு என் வெண்கலப் பானையையே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள் மகராசி. "அக்கா, வந்து மலையைப் பாருக்கா" என்று கையைப் பிடித்து பால்கனிக்கு இழுத்தாள். பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆமாம், பொறாமைதான், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? யாரும் பார்க்காதபோது சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் சன்னமாக வந்தால் கொஞ்சம் ஆறுதலாயிருக்கும் என்று. பீறிட்டுக்கொண்டு வந்தது.

ஹேமநாத்தும் வந்திருந்தார். நான்தான் காபி கொடுத்தேன். நான் யாருக்கு யார் என்று அவருக்குத் தெரியாது. என்ன அம்மா, வீடு கிடைத்ததா என்று விசாரித்துவிட்டு, நந்திதாவைக் காட்டி அவர் பாட்டுக்குச் சொன்னார். அந்த அம்மாவின் மூத்தார், புருஷனுக்கு அண்ணன், குவைத்திலிருந்து அவரே போன் செய்தாராம். என் தங்கச்சி மாதிரி, நான் பொறுப்பு, கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்றாராம். அப்படி ஒரு மனிதர் பின்னால் இருந்தால் யோசிக்காமல் கொடுத்துவிடலாம் அம்மா என்றார்.

நான் சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

தம்பி கேட்டான், நீங்கள் பேசினீர்கள். தப்பென்று சொல்லவில்லை. அது நான் கேட்ட அதே வீடு என்று உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்துதான் பேசினீர்கள் என்றால், அதை என்னிடம் சொல்லவே வேண்டாம். ஆனால் அவளுக்காகப் பேச உங்களுக்கு ஷிப்ட்டில் நேரம் கிடைத்ததே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அதே அப்பார்ட்மெண்டில் முதல் மாடியில் ஒரு வீடு காலியாகிறது. மேற்கு வாசல், மலை தெரியாது, எதிரே சுவர். எனக்கு அது போதும். ஏற்கெனவே நாலைந்து பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஹேமநாத்தின் நம்பர் உங்கள் போனிலேயே இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். முதுகுக்கு ராத்திரியில் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள். பெருமாள் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும். இதைப் படித்ததும் அவருக்கு ஒரே ஒரு போன் போடுங்கள். பொறுப்பு என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல வேண்டாம். "அன்றைக்கு உங்களுக்குக் காபி கொடுத்தாளே, அந்தக் காஞ்சனா என் பெண்சாதி" என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
காஞ்சனா