ஓமம் போட்ட தோணித் தீனி

அக்கா,

இன்று காலையில் உங்கள் தகர டப்பாவை அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கினேன். நாளை மறுநாள் தோணி புறப்படுகிறது. என் டப்பாவின் அடி துருப்பிடித்துப் போயிற்று, வேறு வழியில்லை. மூடியைத் திறந்ததும் சுக்கு வாசமும் வறுத்த தேங்காய் வாசமும் முகத்தில் அடித்தன. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. சாம்பல் போட்டு இரண்டு தடவை தேய்த்தேன். வெயிலில் கவிழ்த்து வைத்தேன். வாசம் போகவில்லை. "செத்தும் இந்தக் குசினிய விட்டுப் போகமாட்டிய போலிருக்கே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்தக் கோபம் தணியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஏரலிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, நீங்கள் மூத்த மருமகளாகப் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டி முடித்திருந்தீர்கள். என் வீட்டுக்காரருக்குப் பத்து வயதில் தாய் தவறிவிட்டது. அதற்குப் பிறகு அவருக்குச் சோறு போட்டு வளர்த்தது அண்ணன் மனைவியான நீங்கள். இதை அவர் சொன்னார், அவருடைய அண்ணன் சொன்னார், தெருவில் மீன் விற்க வந்தவள்கூடச் சொன்னாள். "உன் மாப்பிள்ளைக்கு அவ கைச்சோறுன்னா உசுருளா." கல்யாணமாகி மூன்றாம் நாள் காதில் விழ வேண்டிய சொல்லா அது?

சோற்றில் உங்களோடு போட்டி போட முடியாது என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. சோறும் குழம்பும் ஒரே அடுப்பு, ஒரே சட்டி, உங்கள் ராஜ்யம். எனக்கென்று இருந்தது தோணித் தீனி ஒன்றுதான். கொழும்புக்குப் பாய் விரித்துப் போகிற தோணியில், காற்று முறுகினால் அடுப்பு மூட்ட முடியாது. அப்போது பசிக்கு அள்ளிப் போட்டுக்கொள்ள ஒரு டப்பா நிறையத் தீனி வேண்டும். அதைப் பெண்டாட்டி செய்து கொடுப்பதுதான் இந்தக் கரையில் வழக்கம். நம் வீட்டில் மட்டும் இரண்டு டப்பாக்கள் போயின. சிவப்புத் துணி கட்டியது உங்களுடையது. வெள்ளைத் துணி கட்டியது என்னுடையது. "அவனுக்குப் பழகிட்டு, நானும் கொஞ்சம் போட்டு விடுதேன்" என்று நீங்கள் சொன்னபோது நான் தலையை ஆட்டினேன். ஒரு உறையில் இரண்டு கத்தி என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

நம் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. கடைசிப் பிடியை மிச்சம் வைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். போனவர் பட்டினியில்லாமல் திரும்பி வந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. வீட்டில் எல்லாரும் அதில் ஆளுக்கொரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் உங்கள் டப்பாவில் சரியாக ஒரு பிடி திரும்பி வரும். என் டப்பாவில் முக்கால்வாசி திரும்பி வரும். சாட்சி சொல்ல வேண்டிய டப்பா என்னைச் சந்தி சிரிக்க வைத்தது.

முதல் தடவை மட்டும் எதுவுமே திரும்பி வரவில்லை. அந்தத் தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். நான் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் செய்வது மாதிரியே பச்சைத் தேங்காயைத் துருவிப் போட்டு, கருப்பட்டிப் பாகை இளம்பதத்தில் இறக்கிக் கிளறிவிட்டேன். மூன்றாம் நாளே உப்புக்காற்றில் நசநசத்து, ஐந்தாம் நாள் பூத்துப்போயிற்றாம். தோணியில் இருந்தவர்கள் அதை மீனுக்குப் போட்டார்கள் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நீங்களும் சிரித்தீர்கள். அவர் சிரித்தது எனக்கு மறந்துவிட்டது. நீங்கள் சிரித்தது மறக்கவில்லை.

"எப்படின்னு கேளு, சொல்லித் தாரேன்" என்றீர்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் அப்புறம் அதுவும் உங்கள் கைதானே? கேட்காமல், நீங்கள் கிளறும்போது குசினி வாசலில் சும்மா நிற்பேன். புகையில் கண்ணெரிய, வியர்வை வழிய, எதையோ தேடுகிறவள் மாதிரி நிற்பேன். ஒரு நாள் திரும்பிப் பார்த்துச் சொன்னீர்கள்: "எள்ளு காயுது எண்ணெய்க்கு. எலிப்புழுக்கை எதுக்குளா காயுது?" அந்தச் சொல்லை மென்று விழுங்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் அந்த வெக்கையில் நின்றுதான் எல்லாம் படித்தேன்.

அது இரண்டாம் உலகச் சண்டைக்காலம். சீனி கண்ணில் படாது. அரிசி அளந்துதான் கிடைக்கும். ஆகையால் நெற்பொரிக்குப் பதிலாகச் சோளப்பொரி போட்டீர்கள். சிறுபயற்றைத் தனியாக வறுத்தீர்கள், நிலக்கடலையைத் தனியாக, எள்ளைத் தனியாக. தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி, நல்லெண்ணெயில் ஈரம் சாகும்வரை சிவக்க வறுத்தீர்கள். உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகு காய்ச்சினீர்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். அதற்கப்புறம்தான் சுக்குப்பொடி. எல்லாவற்றையும் கொட்டி, ஆறும்வரை கை ஓயாமல் கிளறுவீர்கள். மணி மணியாக ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். நானும் அப்படியே செய்தேன். பார்த்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. அப்போதும் உங்கள் டப்பாதான் காலியாயிற்று.

அப்போதுதான் என் புத்தி கோணலாயிற்று. ஒரு தடவை, எங்கள் அம்மா வயிற்றுக்கு ஆகும் என்று போடுகிற ஓமத்தை வறுத்துப் பொடித்து, சுக்கோடு சேர்த்து என் தீனியில் போட்டேன். வாயில் போட்டுப் பார்த்தேன். அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், உங்களுடையதைவிட நன்றாக இருந்தது. தோணி புறப்படுகிற அன்று காலையில் நீங்கள் மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போயிருந்தீர்கள். நான் இரண்டு டப்பாவையும் ஒரு சுளகில் மாற்றி மாற்றிக் கொட்டி, என்னுடையதை உங்கள் சிவப்புத் துணி டப்பாவிலும், உங்களுடையதை என் வெள்ளைத் துணி டப்பாவிலும் போட்டுக் கட்டிவிட்டேன். அவர் நாக்குக்குத் தீனி பிடிக்கிறதா, உங்கள் பெயர் பிடிக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இருபத்து மூன்று நாள் கழித்துத் தோணி வந்தது. கடலில் எப்போது எது வெடிக்கும் என்று பயந்து கிடந்த காலம். அவர் முழுசாக வீட்டுக்கு வந்ததற்கு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்க வேண்டும். நான் டப்பாவைத்தான் பார்த்தேன். சிவப்புத் துணி டப்பாவில் ஒரு பிடி. வெள்ளைத் துணி டப்பாவில் முக்கால்வாசி.

"மைனி, இந்தத் தடவ என்ன போட்டிய? தண்டல் அண்ணாச்சி தெனமும் எங்கிட்ட கையேந்திட்டு நின்னாவ" என்றார் அவர். தோணியை நடத்துகிற தண்டலே கையேந்தினாராம், என் தீனிக்கு!

"அப்ப என்னுது?" என்று கேட்டேன்.

"உன்னுதா... சுமாரா இருந்துச்சு. ரெண்டு பிடி தின்னேன். பாகு கொஞ்சம் கடுத்துட்டோ என்னமோ."

நீங்கள் வழக்கப்படி மிச்சப் பிடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டீர்கள். மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. என்னைப் பார்த்தீர்கள். இப்போது சொல்லப்போகிறீர்கள், இது என் கை இல்லை, இவள் கை என்று சொல்லிவிடுவீர்கள், அவர் என்னை ஏசினாலும் ஏசட்டும், தீனி என்னுடையது என்று தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன்.

"ஆமாலே" என்றீர்கள். "கொஞ்சம் ஓமம் வறுத்துப் பொடிச்சுப் போட்டேன். வயித்துக்கு நல்லதுல்லா."

கூசாமல் சொன்னீர்களே! பிற்பாடு குசினியில் உங்களை மடக்கினேன். "ஏங்க்கா அப்படிச் சொன்னிய?" என்றேன். நீங்கள் அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பின்ன, நீ மாத்தி வச்சேன்னு சொல்லணுமா? உன்னத்தான ஏசுவான்" என்றீர்கள். திருடினவளும் நான், தோற்றவளும் நான், காப்பாற்றப்பட்டவளும் நான். நல்லவள் என்ற பெயரும் உங்களுக்கே.

மறுநாள் மத்தியானம் தண்ணீர்ப் பானையருகே நீங்கள் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மடியில் என் வெள்ளைத் துணி டப்பா. 'சுமார்' என்று அவர் ஒதுக்கிய உங்கள் தீனியை ஒரு வாய் போட்டு, கண்ணை மூடி மென்றீர்கள். இன்னொரு வாய் போட்டீர்கள். எங்கே கடுத்திருக்கிறது என்று தேடினீர்கள். அது எங்கும் கடுக்கவில்லை, அக்கா. நான் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொஞ்சம் தேடட்டும் என்றிருந்தது எனக்கு.

அடுத்த தடவை நீங்கள் டப்பா கட்டவில்லை. முட்டு வலிக்கிறது, கிளற முடியவில்லை என்றீர்கள். "இனி உம் பொண்டாட்டி கைதாம்லே" என்று அவரிடம் சொல்லிவிட்டீர்கள். என் டப்பா மட்டும் கடலுக்குப் போயிற்று. ஓமம் போட்டுத்தான் அனுப்பினேன். ஒரு பிடி மட்டும் திரும்பி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அந்தப் பிடியை நேரே உங்களிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மைனியப் பாத்து நீயும் ஓமம் போடப் படிச்சுக்கிட்டியா? பரவால்லியே." நீங்கள் அங்கேதான் நின்றீர்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனீர்கள். சிரித்தீர்களா, அழுதீர்களா என்று நான் கேட்டதேயில்லை.

சண்டை முடிந்தது. தோணிகள் பயமில்லாமல் போய்வந்தன. நாம் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் அதே குழம்பை வைத்துக்கொண்டு, அந்த ஓமத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இத்தனை வருஷம் ஓட்டினோம். மார்ச்சளியும் காய்ச்சலுமாக நீங்கள் படுத்த பிறகு, உங்களுக்குக் கஞ்சி காய்ச்சுகிற வேலை எனக்கு வந்தது. சிறுபயற்றை வறுத்து உடைத்து, குழைய வேகவைத்து, கருப்பட்டி கரைத்துவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கிக் கொண்டுவந்தேன். நாலு வாய் குடித்தீர்கள்.

"நல்லா இருக்குளா" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து எனக்கு விழுந்த முதல் நல்ல சொல் அது. முகட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினீர்கள். பிறகு, "அன்னைக்கு அந்தத் தீனியும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றீர்கள்.

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"உன்னய ஏசுவான்னு நான் வாய மூடலளா. அந்தப் பேரு எனக்கே இருக்கட்டும்னுதான் மூடுனேன். எனக்கும் வயிறு எரிஞ்சுது" என்றீர்கள்.

அக்கா, அதைக் கேட்டு நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம். இத்தனை வருஷமாக நான் மட்டும் கெட்டவள் என்று நினைத்துக் கிடந்தேனே! நீங்களும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டீர்கள், அதுவும் சமையலில்! உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தது பாசத்திலா, ஜெயித்த களிப்பிலா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் பந்தி நடந்தது. தண்டல் அண்ணாச்சி கை கழுவிவிட்டு வந்து, எல்லார் முன்னாலும் நின்று சொன்னார்: "அந்தச் சண்டைக்காலத்துல அவிய ஓமம் மணக்க ஒரு தீனி போட்டு விட்டாவ பாருங்க. நாப்பது வருசமா கடல்ல கெடக்கேன், அது மாதிரி நான் தின்னதே இல்ல." என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா அண்ணாச்சி, நானும் அதத்தான் நினைச்சேன்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

எனக்கா ஞாபகம் இல்லை? வாய்வரைக்கும் வந்துவிட்டது. தடுக்க நீங்களும் இல்லை. ஒரு வார்த்தை போதும். அந்தப் பந்தி முழுக்க என் பக்கம் திரும்பியிருக்கும்.

"அக்கா கைக்கு ஈடு உண்டா?" என்றேன்.

பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் என் பெயரை எடுத்துக்கொண்டு வாயை மூடினீர்கள். நான் என் பெயரை உங்களுக்குக் கொடுத்துவிட்டு வாயை மூடினேன். இந்த ஒன்றில் உங்களை நான் ஜெயித்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த ஜெயிப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடக்கிறேன். அதைச் சொல்லிக்காட்ட உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், அக்கா?