அடுப்படியில் எடுக்கிற சிம்

அக்கா,

இன்று காலை ஒரு புதுப் போனின் கண்ணாடிமேல் ஒட்டியிருந்த தாளை என் நகத்தாலேயே உரித்தேன். பெட்டிக்குள்ளிருந்து பசையும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை வந்தது. உடனே உன் கை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. விரித்த கை இல்லை, மடக்கிய கை.

செஞ்சி கடைவீதியில் நாம் அன்று சண்டை போட்ட அதே கடைதான். சுவரில் இருந்த விளம்பரத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அளவில்லா அழைப்பு. அதற்குக் கீழே எறும்பு ஊர்வது போல ஒரு வரி. அதையும் விடவில்லை. நிபந்தனைகளுக்கு உட்பட்டது. ஆமாம் அக்கா, உன் தம்பி படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கிற முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்டேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு வெற்றிலை மென்று துப்பிவிடலாம், அவ்வளவு மெதுவு. ஆனாலும் எழுத்து ஒவ்வொன்றும் என் கையிலிருந்து வருவதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. நான் எழுதும் முதல் மடல் இது.

கடையில் நின்ற பெண், எந்தக் கம்பெனி சிம் போடட்டும் என்று கேட்டாள். அடுப்படியில் எது எடுக்குமோ அது என்றேன். அவள் சிரித்தாள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாள்.

மல்லிகா உனக்குக் காலம் கடந்து பிறந்த ஒரே மகள். கோட்டை மலைக்குப் பின்பக்கம், பாறையை ஒட்டின ஊரில் கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு மல்லாட்டை வியாபாரம். காட்டில் இருந்து கடலையை மூட்டை மூட்டையாக வாங்கி எண்ணெய் மில்லுக்கு அனுப்புகிறவன். கல்யாணமாகி மூன்றாம் ஆடிக்குக் கைக்குழந்தையோடு வந்தவள் உதட்டைப் பிரிக்காமலே சிரித்தாள். நீ தாடையைப் பிடித்துத் திறந்து பார்த்தாய். மேல் வரிசையில் இரண்டு பல் இல்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். போன் எங்கே என்று கேட்டாய். அப்போதுதான் அழுதாள். பல்லை உடைத்ததே அந்தப் போன்தான். அதாலேயே முகத்தில் அடித்துவிட்டுக் கிணற்றில் வீசியிருக்கிறான்.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். இனிமேல் கை ஓங்க மாட்டேன் என்று அவன் தலையைக் குனிந்தான். குழந்தைக்காகப் போகிறேன் என்று அவளும் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட்டோம். மறைந்ததும் என்னிடம் சொன்னாய்: "அடிக்கிறவன் அடிப்பான்டா. இவ கத்துனா எனக்குக் கேக்கணும். அதுக்கு இன்னா வழின்னு பாரு."

அப்படித்தான் போன் வாங்கப் போனோம். நான் கொத்தனார், நீ சித்தாள். சிமெண்டு படிந்த காலோடு அந்தக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தோம். மற்றவர்கள் கேமராவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செவுத்துல அடிச்சா ஒடையுமா என்று நீ கேட்டாய். டை கட்டியிருந்தவன் சிரித்துக்கொண்டே, யானை மிதித்தாலும் உடையாது என்று ஒன்றைக் கையில் கொடுத்தான். நீ வாங்கி அப்படியே சுவரில் அடித்தாய். கண்ணாடி சில்லுச் சில்லாகச் சிதறியது. அவன் உன் கையை முறுக்கினான், நீ அவன் டையைப் பிடித்து மேசைமேல் சாய்த்தாய். விலக்கப் போன எனக்கும் கன்னத்தில் ஒன்று விழுந்தது. அது உன் அடிதான், எனக்குத் தெரியும்.

"ஒடையாதுன்னு நீதானடா சொன்ன" என்றாய் அவனிடம். "நாளைக்கு என் பொண்ணு மூஞ்சியில இதால அடிப்பான். அப்ப யாரக் கேப்பேன்?"

உள்ளே இருந்து முதலாளி வந்தார். ஒன்றும் கேட்காமல் அலமாரிக்கு அடியிலிருந்து தடித்த போன் ஒன்றை எடுத்தார். மூலைக்கு மூலை ரப்பர். கல் உடைக்கிற இடத்தில் வேலை செய்கிறவர்கள் வாங்கிப் போவார்கள் என்றார். அவரே அதைத் தரையில் ஓங்கி அடித்தார். உருண்டுபோய்க் கிடந்தது, அவ்வளவுதான். பக்கத்துப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் குறித்து வைத்த ஒரு எண்ணுக்குப் போன் போகும், ஸ்பீக்கர் தானாகப் போட்டுக்கொள்ளும் என்று காட்டினார். நீ முந்தானைக்குள் கையை விட்டுப் பார்க்காமலே அழுத்திப் பழகினாய்.

சிம்மை அவரிடம் விடவில்லை நீ. எல்லா இடத்திலும் எடுக்கும் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள், என் மகள் இருக்கிற இடத்தில் எடுக்குமா என்று யார் சொல்வார்கள் என்றாய். உன் போன், டெய்லர் பாயின் போன், நர்ஸம்மாவின் போன், மூன்றும் மூன்று கம்பெனி. மூன்றையும் மடியில் கட்டிக்கொண்டு பேத்தியைப் பார்க்கிற சாக்கில் அந்த வீட்டுக்குப் போனாய். நான் தெருக்குழாய் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். அப்போது எனக்கு எண் மட்டும் தெரியும், எழுத்து தெரியாது. கூடத்தில் மூன்றும் அடித்தன. பின்கட்டில் இருக்கிற அடுப்படிக்குப் பின்னால் நேராகப் பாறை. அங்கே உன்னுடையதும் நர்ஸம்மாவுடையதும் செத்துப்போயின. பாயுடையது மட்டும் அடித்தது. சம்பந்தியம்மா, மடியில் இன்னா சத்தம் என்று கேட்டிருக்கிறாள். தெருவுல என் தம்பி நிக்கிறான், அவனுக்கு வேற வேலை இல்ல என்றாயாம்.

அவன் அடிப்பது அடுப்படியில்தான். கூடத்தில் அடித்தால் தெருவுக்குக் கேட்கும். அதனால் பாய் கம்பெனி சிம்.

போனைக் கொடுத்தால் பிடுங்கிவிடுவான் என்று மல்லிகா பயந்தாள். அதற்கும் நீதான் வழி கண்டாய். அடுத்த மாதம் குழந்தைக்குக் காதுகுத்து. மல்லிகாவுக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் தாய்மாமன் மடி என்னுடையது. சீர்த்தட்டில் வாழைப்பழத்துக்கும் வளையலுக்கும் நடுவே, மஞ்சள் குங்குமம் வைத்து அந்தப் போன் பெட்டியை வைத்தோம். நூறு கண் பார்க்கிறது. அவன் முகம் கறுத்தது. மாமன் சீரு, தொட்டு வாங்கு மாப்ள என்று அவன் பெரியப்பாவே சொன்னார். வாங்கினான். மாமன் சீரை உடைத்தால் அவன் சொந்தமே அவனைக் கேட்கும்.

மல்லாட்டை விலை விழுந்த ஒரு நாள் நடுப்பகலில் உன் போன் அடித்தது. நாம் வல்லத்தில் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலையில் இருந்தோம். எடுத்தாய். யாரும் பேசவில்லை. பாத்திரம் உருள்கிற சத்தம், குழந்தை அழுகிற சத்தம், ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போல ஒரு சத்தம். நீ கத்தவில்லை. கத்தினால் ஸ்பீக்கரில் அவனுக்குக் கேட்டுவிடும். உன் வாயை நீயே பொத்திக்கொண்டாய். உன்னை வாய் மூடி நான் பார்த்தது அன்றுதான்.

அங்கே சட்டைக்கு அளவெடுக்க வந்திருந்த பாய் மொபெட்டை எடுத்தார். நடுவில் நீ, பின்னால் கடப்பாரையோடு நான். வழியெல்லாம் போன் உன் காதில். சத்தம் எனக்கும் கசிந்தது. பாதி வழியில் அழுகைச் சத்தம் நின்றுபோனது. பாய் அதற்கு மேல் பிரேக்கே பிடிக்கவில்லை.

பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய். வெளியே நின்று நீ கத்தியது உள்ளே கேஸ் சிலிண்டருக்குப் பின்னாலிருந்தும் கேட்டது. அவன் பிடுங்கி எறிந்த போன் அங்கே உயிரோடு கிடந்திருக்கிறது. அவன் மிரண்டு அந்தப் பக்கம் திரும்பினானாம், மல்லிகா பிறகு சொன்னாள். அந்த நேரம் போதும் எனக்கு. கடப்பாரையைக் கதவிடுக்கில் கொடுத்து ஒரே நெம்பு.

மல்லிகாவின் கூந்தல் அவன் கையில் சுற்றியிருந்தது. அவள் காதிலிருந்து ரத்தம் ஒழுகியது. நான் அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். என் கையைக் கடித்தான், பல் எலும்பு வரைக்கும் போனது. நீ கடப்பாரையை எடுத்து அவன் முட்டியில் ஒரு போடு போட்டாய். காய்ந்த விறகு முறிவது போலக் கேட்டது. இரண்டாவது முறை தலைக்கு ஓங்கினாய். "வேணாம்மா, கொழந்த பாக்குது" என்றாள் மல்லிகா. அந்தப் பேச்சு வந்த பிறகுதான் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று எனக்கு நிச்சயமானது. நீ கடப்பாரையைக் கீழே போட்டாய்.

மகளிர் காவல் நிலையத்தில் அவன் நொண்டிக்கொண்டே வந்து, இனி அவள் பக்கம் வரமாட்டேன் என்று எழுதிய தாளில் வளைத்து வளைத்து அழகாகக் கையெழுத்துப் போட்டான். நாம் இருவரும் கட்டைவிரலை மையில் தோய்த்தோம். வெளியே வந்ததும் என் கட்டுப்போட்ட கையைப் பார்த்துச் சொன்னாய்: "அடிக்கிற அவன் கையி எழுதவும் செய்யுது பாருடா."

அது என்னை விடவே இல்லை. நீ நோயில் விழுந்து கண்ணை மூடிய பிறகுதான் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கடிபட்ட விரல் சரியாக மடங்காது. பேனா நழுவும். அதனால்தான் என் எழுத்தெல்லாம் ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது.

மல்லிகா இப்போது பாய் கடையில் தைக்கிறாள். பல் கட்டிக்கொண்டாள், வாய்விட்டுச் சிரிக்கிறாள். அங்கே தைக்கிற பெண்கள் சிலர் போனின் பக்கத்துப் பொத்தானுக்கு உன் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறார்கள். உன் சிம்மை நான் விடவில்லை அக்கா. இன்று வாங்கிய போனில் ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் பாய் கம்பெனி. இதையும் கடைக்காரப் பெண் எதிரிலேயே தரையில் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.

உன் எண் இதுவரை இரண்டு முறை அடித்திருக்கிறது. அவலூர்பேட்டையிலிருந்து ஒன்று, பனமலைப் பக்கத்திலிருந்து ஒன்று. பாய் மொபெட்டை எடுப்பார், நான் பின்னால் ஏறுவேன். போலீசுக்கும் சொல்லிவிட்டுத்தான் போகிறோம். கடப்பாரையைக் கதவுக்கு மட்டும்தான் எடுத்துப் போகிறேன். பனமலையில் கொஞ்சம் தவறி வேறு இடத்தில் பட்டுவிட்டது. உன்னிடம் மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

முன்பெல்லாம் போன் அடித்தால் யார் என்று தெரியாது. இப்போது பெயர் வருகிறது, படித்துவிடுகிறேன். இந்த மடலை மெதுவாகத்தான் எழுதுகிறேன். போன் பக்கத்திலேயே இருக்கிறது, கடப்பாரை கதவோரம். எங்காவது ஒரு வரி பாதியில் நின்றிருந்தால், எழுத்து மறந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. பாய் வண்டியை எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்.